துந்துபி வருஷத்து டிரம் செட்

சூலக்கரைப் பக்கம் யாராவது பழைய டிரம் செட் ஒன்றின் வயதைக் கேட்டால், டிரம்மைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் நோட்டீஸைத் தேடச் சொல்வேன். மெல்லிசைக் குழு நடத்தியவர்கள் வீட்டில் வாத்தியம் மிஞ்சியிருக்கிறதோ இல்லையோ, சிவகாசியில் அடித்த நோட்டீஸ் ஒரு கட்டாவது பெட்டிக்குள் கிடக்கும். மேலே மாரியம்மன் படம், கீழே விழாக் குழுவார் பெயர்கள், நடுவில் கொட்டை எழுத்தில் 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி'. ஆண்டு அச்சாகாமல் போயிருந்தாலும் பாதகமில்லை. ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்று இருந்தால் அது 1985 மார்ச் 15-க்கு முந்தையது. அன்றுதான் பழைய இராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்து, இந்தப் பகுதி காமராஜர் மாவட்டம் ஆனது. 1997-ல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை எடுத்த பிறகுதான் 'விருதுநகர் மாவட்டம்' என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின்னால். அச்சகத்தில் பழைய பிளாக்கையே தட்டிவிட்டிருந்தால் ஒன்றிரண்டு வருஷம் முன்பின் ஆகும், அவ்வளவுதான்.

தமிழ் வருஷம் போட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதில் ஒரு வழுக்கல் உண்டு. 'துந்துபி வருஷம் பங்குனி மாதம்' என்று பார்த்ததும் பஞ்சாங்கத்தைப் புரட்டி 1982 என்று எழுதிவிடுவார்கள். துந்துபி பிறந்தது 1982 ஏப்ரலில். பங்குனியோ வருஷத்தின் கடைசி மாதம். எனவே அந்தக் கச்சேரி நடந்தது 1983 மார்ச்சிலோ ஏப்ரல் தொடக்கத்திலோதான். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், சிவகாசியில் மாரியம்மனுக்குப் பங்குனி, பத்ரகாளியம்மனுக்குச் சித்திரை என்று இந்த வட்டாரத்துத் திருவிழாக்கள் வருஷம் முடிகிற, பிறக்கிற ஓரத்திலேயே வருவதால் இந்தத் தப்பு ஓயாமல் நடக்கிறது.

சூலக்கரை மேட்டில் ஒரு வீட்டு மாடியில் சாக்குப் போட்டு மூடிய செட்டுக்கும் இப்படி ஒரு நோட்டீஸ்தான் துணைக்கு இருந்தது. அதன் சொந்தக்காரர் அண்ணாச்சி, பகலில் மில் வேலை, ராத்திரி டிரம்ஸ் என்று இருந்தவர். "எழுபத்தஞ்சு மாடல் தம்பி" என்றார். இங்கே புல்லட்டுக்கும் டிராக்டருக்கும் சொல்வதுபோல டிரம்முக்கும் மாடல் சொல்வார்கள். வண்டிக்காவது ஆர்.சி. புத்தகம் இருக்கும்.

பேட்ஜைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். பேட்ஜ் கம்பெனியைச் சொல்லும், வருஷத்தை அரைகுறையாகத்தான் சொல்லும். டாமா என்று இருந்தால் 1974-க்குப் பிந்தையது என்று துணிந்து சொல்லலாம். அதற்கு முன் ஜப்பானின் ஹொஷினோ கம்பெனி 'ஸ்டார்' என்ற பெயரில்தான் டிரம் விற்றது. பேர்ல் 'எக்ஸ்போர்ட்' என்றால் 1982-க்கு முன்னால் இருக்க முடியாது. இவை கீழ்வரம்புகள். அமெரிக்காவின் லுட்விக் விஷயம் இன்னும் வேடிக்கையானது. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்தபோது ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்மில் இருந்த லுட்விக் பெயரை அமெரிக்கா முழுக்கப் பார்த்தது. ஆர்டர் குவிந்தது. வரிசை எண் பொறித்த பேட்ஜ்கள் அந்தச் சமயத்தில்தான் வந்திருந்தன. அவற்றைப் பெட்டிக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுத்து அடித்தார்கள். அதனால் சின்ன எண் மூத்தது, பெரிய எண் இளையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. உள்ளே சிவப்பு மையில் குத்திய தேதி முத்திரை இருந்தால் அதை நம்பலாம். பேட்ஜைப் பெயர்த்து வேறொன்றில் வைக்கலாம், முத்திரையை வைக்க முடியாது.

மாடியில் இருந்த செட்டில் இதெல்லாம் கிடையாது. பேஸ் டிரம்மின் பேட்ஜ் இருந்த இடத்தில் காற்றுத் துளை மட்டும் இருந்தது. அண்ணாச்சி டிரம் சாவியை எடுத்துப் போல்ட்டுகளைக் கழற்றினார். ஒவ்வொன்றையும் எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே பக்கம் கழற்றினால் கூடு கோணிக்கொள்ளும் என்பது கைக்கு மறக்கவில்லை. முன்பக்க ஹெட்டை எடுத்ததும் உள்ளே செம்பழுப்பு மரம். தொட்டால் சொரசொரவென்று நுண்துளை தெரிகிற மரம், விளிம்புகளில் உள்பக்கமாக ஒட்டிய வளையம். லுவான். பிலிப்பைன்ஸிலிருந்து ஜப்பானுக்குக் கப்பல் கப்பலாகப் போய் ஒட்டுப்பலகை ஆன மரம். 1960-களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் இந்த மரத்தில் கூடு செய்து, வாங்குகிற வியாபாரி கேட்ட பெயரைப் பேட்ஜில் அடித்து உலகம் முழுக்க அனுப்பின. ஒரே பட்டறையில் பிறந்த டிரம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயரில் வாழ்ந்தது. பெயரைத் தேடிப் போனால் அலைச்சல்தான் மிச்சம். மரத்தையும், போல்ட்டைப் பிடிக்கிற லக்கின் வடிவத்தையும் பார்ப்பதே வழி.

ஒட்டுப்பலகையைப் படிக்க இந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீக்குச்சி அறுக்கிற ஆலையில் மரத்துண்டைச் சுழலவிட்டுக் கத்தியில் கொடுத்து ஏடு ஏடாக உரிப்பதைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். டிரம் கூட்டுக்கும் ஆரம்ப வேலை அதேதான். குச்சிக்கு ஏட்டை நறுக்குகிறார்கள், கூட்டுக்கு ஏட்டின் மேல் ஏட்டைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வளைக்கிறார்கள். விளிம்பில் ஏடுகளை எண்ணினால் பாதி ஜாதகம் வந்துவிடும்.

டாம் வேறு ஜாதி. அதில் பேட்ஜ் இருந்தது: பிரீமியர், இங்கிலாந்தில் செய்தது. 1922-ல் லண்டனில் தொடங்கி, போர்க்காலத்துக் குண்டுவீச்சுக்குப் பின் லெஸ்டருக்குப் போன கம்பெனி. மெல்லிய பிர்ச் ஏடுகள், விளிம்பில் பீச் மர வளையம். வருஷத்தைக் காட்டிக்கொடுத்தது மரமல்ல, அளவு. மதுரையில் வாங்கிய 12 அங்குல ஹெட் அதில் உட்காரவே இல்லை என்று அண்ணாச்சி குறைப்பட்டார். கடைக்காரர் அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டார் என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைக்காரர் மேல் குற்றமில்லை. 1960-களின் பிற்பகுதி வரை பிரீமியர் கூடுகள் பெயருக்கு 12 அங்குலம், நிஜத்தில் ஒரு நூல் பருமன். அதன் பிறகே அவர்கள் எல்லா நாட்டுக்கும் பொதுவான அளவுக்கு மாறினார்கள். புது ஹெட் ஏறாத பிரீமியர் டாம் என்றால் அது பழசு. அண்ணாச்சிக்குத் தொல்லையாக இருந்ததுதான் எனக்குச் சான்றாயிற்று.

ஸ்நேர் என்று அவர் வைத்திருந்தது உண்மையில் பேண்டு செட்டுக்காரர்கள் தோளில் மாட்டுகிற தகர உடல் சைடு டிரம். உத்தரப் பிரதேசத்து மீரட் சரக்கு. அங்கே ஜாலி கோத்தி என்ற தெருவே பேண்டு வாத்தியத்துக்கு என்று இருக்கிறது. நாதிர் அலி கம்பெனி 1885-லிருந்து அந்த ஊரில் தொழில் செய்கிறது. கல்யாணம், பள்ளிக்கூட அணிவகுப்பு, போலீஸ் பேண்டு எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் சரக்கு வந்தது. வடிவம் பல காலமாக மாறாததால் மீரட் டிரம்முக்கு வருஷம் சொல்ல முயலாமல் இருப்பதே மரியாதை.

இப்படி ஒவ்வொரு உருப்படியும் ஒவ்வொரு ஊர், ஒவ்வொரு காலம். டாம் மதுரை ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியா போகும்போது விற்றுவிட்டுப் போனது. பேஸ் டிரம் தலைமன்னார் கப்பலில், இலங்கையிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரோடு. அன்னியச் செலாவணிக்கு அரசாங்கம் காசு காசாகக் கணக்குப் பார்த்த காலம் அது. வாத்தியம் இறக்குமதி செய்வது சாமானியருக்கு ஆகிற காரியமில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் இருக்கிற, 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் மாதிரிக் கடைகளின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம். அதனால் தென்மாவட்டத்து டிரம்மர்கள் செட் வாங்கவில்லை, சேர்த்தார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எல்லா உருப்படியும் ஒரே ஆலையில் ஒரே வருஷத்தில் பிறந்திருந்தால்தான் 'அசல்' என்பார்கள். அந்தக் கணக்கில் எங்கள் ஊர் செட்டுகள் ஒன்றுகூடத் தேறாது. அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது என்பது என் கட்சி. மூன்றும் ஒன்றாக மேடை ஏறிய நாளே இந்தச் செட்டின் பிறந்த நாள். நோட்டீஸில் முதல்முறையாக டிரம்ஸ் வாசிப்பவர் பெயர் தனி வரியில் வந்திருப்பது அந்தத் துந்துபி பங்குனியில். எழுபத்தைந்து என்றது பேஸ் டிரம் வீட்டுக்கு வந்த வருஷம்.

அந்த மேடை எப்படி இருந்தது? அதற்கு முன்னால் ஊர்க் கச்சேரி என்றால் ஆர்மோனியம், தபேலா, டோலக், பேங்கோஸ். பாவலர் வரதராஜனின் தம்பிகள் கட்சி மேடைகளில் பாடித் திரிந்த நாளில் ஆர்மோனியமும் கிதாரும் தபேலாவுமே பெரிய ஏற்பாடு. அந்தத் தம்பிகளில் ஒருவர் 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜாவாக வந்த பிறகு, மெல்லிசைக் குழுக்களுக்கு வேலை கூடிவிட்டது. ரெக்கார்டில் அவருடைய டிரம்மர் புருஷோத்தமன் போடுகிற சின்ன உருட்டலைக்கூட ஜனங்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அது மேடையில் வராவிட்டால் முன்வரிசையிலிருந்தே குரல் வரும். 1982-ல் 'சகலகலா வல்லவன்' வந்த பிறகு 'இளமை இதோ இதோ' வாசிக்காமல் கச்சேரியை முடிக்க முடியாது. அதை டோலக்கில் ஒப்பேற்றவும் முடியாது.

டிரம்முக்கென்று தனி மைக் கிடையாது. பாடகருக்கு ஒன்று, வாத்தியங்களுக்குப் பொதுவாக ஒன்று, தென்னைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். பேஸ் டிரம் சத்தம் திடலின் கடைசிவரை கேட்க வேண்டுமென்றால் கால்தான் உழைக்க வேண்டும். அண்ணாச்சியின் பெடல் தகடு குதிகால் பட்ட இடத்தில் குழிந்திருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை நாலு மணி. சாமான்கள் லாரியிலோ பஸ் மேலேயோ போகும். பேஸ் டிரம்முக்கு உள்ளே வேட்டி, சட்டை, சிம்பல், ஸ்டிக் எல்லாவற்றையும் திணித்து ஒரு டிக்கெட்டை மிச்சம் பிடிப்பார்கள்.

இனி நான் அதிகம் சொல்ல ஆசைப்படுவது அந்தப் பேஸ் டிரம்மின் மேலுறை பற்றி. முத்துச்சிப்பிப் பளபளப்பு, இப்போது நெய் நிறம். லக் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வெயிலும் வருஷமும் படாத இடம். லக்குகள் இடம் மாறவில்லை, பிற்பாடு யாரும் துளை போடவில்லை என்பதற்கு அந்த வெள்ளையே சாட்சி. உறை சுருங்கி, ஒட்டின இடத்தில் வாய் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவை விரலால் அழுத்தித் தேய்த்து மோந்தால் லேசான கற்பூர வாசனை.

கற்பூரம் வந்தால் அது செல்லுலாய்டு. அமெரிக்காவில் ஹயாட் 1870-ல் காப்புரிமை வாங்கிய சரக்கு. நைட்ரோ செல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துப் பிசைந்தது. சீப்பு, பொம்மை, பிங்பாங் பந்து, சினிமா பிலிம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் அதில் நடந்தது. தைவான் கற்பூரம் கைவசம் இருந்ததால் ஜப்பானில் அந்தத் தொழில் பெரிதாகவே வளர்ந்தது. டிரம் உறைகளும் அதில்தான் செய்தார்கள். பிறகு தீப்பிடிக்கிற ஆபத்துக் குறைந்த பிளாஸ்டிக்குகள் அந்த இடத்துக்கு வந்தன. எனவே கற்பூர வாசனை அடிக்கிற உறை பழைய உறை. நைட்ரேட் சினிமா பிலிமை கோடாக் 1951-லேயே நிறுத்திவிட்டது. டிரம் உறையில் அது அதற்கப்புறமும் கொஞ்ச காலம் நீடித்தது.

நைட்ரோ செல்லுலோஸ் என்றால் என்ன என்று பட்டாசு வட்டாரத்தில் விளக்க வேண்டாம். வெடிபஞ்சுக்கு அது பங்காளி முறை. வெளியூர்க்காரர்கள் சிலர் சூடான ஊசியை வைத்து உறையைச் சோதிப்பார்கள். விருதுநகர் மாவட்டத்தில் யாரும் அந்தக் காரியத்தைச் செய்யமாட்டார்கள் என்று நம்புகிறேன். அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னதும் முதல் காரியமாக டிரம்மைத் தகரக் கூரைக்குக் கீழிருந்து நகர்த்தி உள்ளறையில் வைத்தார். "நாப்பது வருஷமா மத்தாப்பூப் பெட்டிக்குப் பக்கத்துலல்ல வச்சிருந்தேன்" என்றார். தீபாவளிக்குக் கொடுத்தது போக மிஞ்சினது.

ஹெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வைத்து வயது பார்க்காதீர்கள். 1957-ல் ரீமோ பெல்லி அமெரிக்காவில் பிளாஸ்டிக் ஹெட் கம்பெனி தொடங்கும் காலம் வரை டிரம்முக்குக் கன்றுத்தோல்தான். மழைக்காலத்தில் தொய்ந்துபோகும். தப்புக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவது எதற்காகவோ அதே காரணம். பிளாஸ்டிக் வந்தபின் ஹெட் என்பது டயர் மாதிரி, தேய்ந்தால் மாற்றுவது. தோல் ஹெட் இருந்தால் பழசு என்று நினைக்கலாம், பிளாஸ்டிக் இருப்பதால் புதுசு என்று நினைக்கக்கூடாது.

இன்றைக்கு வருவோம். சூலக்கரை வழியாகப் போன பழைய தேசிய நெடுஞ்சாலை 7, நான்குவழியாகி 44 என்று எண்ணும் மாறிவிட்டது. டிரம் செட் அந்தச் சாலையில் கூரியர் வண்டியில் வருகிறது. அட்டைப்பெட்டியைப் பிரித்தால் ஐந்து உருப்படியும், ஸ்டாண்டும், பெடலும், முக்காலியும். எல்லாம் ஒரே நிறம், ஒரே ஆலை, பெரும்பாலும் சீனா. கூட்டில் ஒட்டிய சீட்டில் எல்லா விவரமும் அச்சாகியிருக்கிறது. வயது கண்டுபிடிக்க வேண்டிய வேலையே இல்லை. 1991-க்குப் பின் இறக்குமதி தளர்ந்ததன் பலன் இது. குறை சொல்ல மாட்டேன். அண்ணாச்சி ஒரு செட்டைச் சேர்த்து முடிக்கப் பட்ட பாட்டை, இப்போது பன்னிரண்டு வயதுப் பையன் படவேண்டியதில்லை. சாத்தூர், சிவகாசிப் பக்கம் இன்று அந்தச் செட்டுகளை அதிகம் பார்ப்பது சர்ச்சுகளில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பையன்கள் நன்றாகவே வாசிக்கிறார்கள். சத்தம் பாட்டை மூழ்கடிக்காமல் இருக்கச் சுற்றிலும் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் தடுப்பு. அண்ணாச்சிக்கு அது மட்டும் புரியவில்லை. எங்கள் காலத்தில் சத்தம் போதவில்லை என்பதுதான் புகார் என்கிறார்.

திருவிழா மேடையிலோ டிரம் செட் அபூர்வம். அதை இறக்கியது ஒரு ஜப்பான் பெட்டி. ரோலண்டு கம்பெனி ஆக்டபேடை 1985-ல் கொண்டுவந்தது. எட்டு ரப்பர்க் கட்டம், குச்சியால் தட்டினால் எந்த வாத்தியச் சத்தமும் வரும். 1998-ல் எஸ்.பி.டி.-20 வந்த பிறகு தென்மாவட்டத்துக் குழுக்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. டிரம்ஸ், தபேலா, டோலக், டிரிபிள் காங்கோ என்று நாலு ஆளுக்குக் கொடுத்த சம்பளம் ஒரு ஆளோடு முடிந்தது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் டிரம் சத்தம் யாரோ எங்கேயோ ஒரு நல்ல செட்டை மைக் வைத்துப் பதிந்தது.

நேரமும் சுருங்கியது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று உறுதியாகச் சொன்னது. அதே தீர்ப்புத்தான் வெடிச் சத்தத்துக்கும் அதே நேரத் தடையைப் போட்டது. ஆக, இந்த வட்டாரத்தின் தொழிலையும் பொழுதுபோக்கையும் ஒரே வழக்கில் பார்த்துவிட்டார்கள். விடிய விடிய வாசித்தவர்கள் இப்போது ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு போடுகிறார்கள். தூங்குகிற குழந்தைக்கும் நோயாளிக்கும் அது நியாயம். மூன்று மணி நேரக் கச்சேரிக்காக ஒரு டிரம் செட்டை ஏற்றி இறக்க எந்தக் குழுவுக்கும் கட்டாது என்பதும் நிஜம்.

அண்ணாச்சியின் மகனும் வாசிக்கிறார், பேடில். அப்பாவின் செட்டைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிடலாமே என்று கேட்டேன். பேடின் வெளியுடலில் வயது சொல்கிற அடையாளம் ஒன்றும் இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தையதும் போன வருஷத்ததும் அதே கறுப்புப் பெட்டி. ஆனால் உள்ளே அவர் பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகச் சத்தங்களைக் கோத்து, ஆங்கில எழுத்தில் சுருக்கிப் பெயர் வைத்துச் சேமித்திருக்கிறார். பட்டனை அழுத்த அழுத்த வரிசையாக ஓடியது: ரவுடி பேபி, வாத்தி கம்மிங், அரபிக் குத்து, ரஞ்சிதமே. 2018-லிருந்து 2022 வரை பாட்டுப் பாட்டாகக் கணக்கு நிற்கிறது. அடுத்த கட்டங்கள் காலி.

ஏன் தம்பி, அப்புறம் ஒன்றும் ஏற்றவில்லையா என்றேன்.

"அதுக்கப்புறம் லேப்டாப்ல டிராக் ஓட விட்டுடறோம்ணே. பேடு சும்மா முன்னால நிக்கும்."